முத்தாபுதுப்பேட்டைக்கும் வரலாறு உண்டு

ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் முத்தாபுதுப்பேட்டையின் வரலாற்றை எழுதலாம் என்றிருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "இங்க என்னங்க வரலாறு இருக்கு? ஏர்ஃபோர்ஸ் இருக்கு, அவ்வளவுதானே?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வரலாறு என்றதும் கோட்டை, போர், ராஜா, கல்வெட்டு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், திருமுல்லைவாயிலுக்கு வரலாறு உண்டு. சுந்தரர் பாடிய தலம், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள மாசிலாமணீசுவரர் கோயில். பூந்தமல்லிக்கும் உண்டு. ஆவடிக்குப் பக்கத்தில் ஏரி பார்த்து, நெல் விளைத்து, பிள்ளை பெற்று, செத்துப்போன சின்னச் சின்ன ஊர்களுக்கு மட்டும் இல்லை.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன். நம் ஊரைப் போன்ற முன்னாள் கிராமங்களுக்கு வரலாறு இல்லை என்பது பொய். அது ஒரே புத்தகமாக இல்லை, அவ்வளவுதான். ஓலையிலும், சர்வே வரைபடத்திலும், ஏரிக்கரையிலும், உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் மூலப்பத்திரத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சேர்க்க ஆள் இல்லை.

ஆவடியின் வரலாறு என்று பொதுவாகச் சொல்லப்படுவதை முதலில் பார்த்துவிடுவோம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை ஆவடி வழியாகத்தான் போகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவம் வந்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணி சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை உருவானது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று பெயரிலேயே ராணுவத்தைச் சுமக்கும் ரயில் நிலையம் எல்லாம் சேர்ந்தன. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது.

எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ரயில் வந்தது, ராணுவம் வந்தது, தொழிற்சாலை வந்தது, மாநாடு வந்தது. எல்லாமே எங்கிருந்தோ வந்தவை. வந்து இறங்கிய தரை யாருடையது? அந்தத் தரையில் அதற்கு முந்தின வாரம் வரை என்ன பயிர் நின்றது? இந்தக் கேள்விக்குப் பட்டியலில் பதில் இல்லை. அதை மட்டுமே படித்து வளரும் பிள்ளை, இங்கே முன்பு வெறும் பொட்டல் இருந்ததாகத்தான் நினைத்துக்கொள்ளும்.

பொட்டல் இல்லை என்பதற்கு ஆதாரம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஓலைகளில் இருக்கிறது.

ஓலையில் இருக்கும் ஊர்கள்

1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த பெரும் நிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூல் உரிமையோடு, கொடுத்தார். பிற்காலச் செங்கல்பட்டு ஜில்லா பெரும்பாலும் இதிலிருந்து உருவானதுதான். பூந்தமல்லிச் சீமையும் இதற்குள் அடக்கம். கைக்கு வந்த நாட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு வரி வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கம்பெனி அனுப்பியது. 1767-லிருந்து 1774 வரை அவர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார்.

அளந்தது பர்னார்டு என்று சொன்னாலும், அந்தக் கணக்குக்கு ஆதாரம் நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதி வைத்திருந்தவைதான். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. காந்தியவாதி தரம்பால் இவற்றின் அருமையை வெளியே எடுத்துச் சொன்னார். பிறகு சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தினர் பல ஊர்களின் ஓலைகளைப் பொறுமையாகப் படித்து விளக்கினார்கள். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் 2001-ல் புத்தகமாகவே வந்தன.

ஒவ்வோர் ஊருக்கும் அந்தக் கணக்கில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். மொத்த நிலம் எத்தனை காணி. அதில் ஏரி எவ்வளவு, குளம் எவ்வளவு, நத்தம் எவ்வளவு, தோப்பு எவ்வளவு, நஞ்சை புஞ்சை எவ்வளவு. வீடுகள் எத்தனை, எந்தத் தொழில் செய்பவருக்கு எத்தனை வீடு. மாடு எத்தனை. இதற்கெல்லாம் மேலாக, களத்துமேட்டில் நெல் அடித்துக் குவித்தபின் யார் யாருக்கு எவ்வளவு போகும் என்ற விவரம். சுதந்திரம் என்றும் மேரை என்றும் அதைச் சொன்னார்கள். கோயிலுக்கு, ஏரி மராமத்துக்கு, கணக்குப்பிள்ளைக்கு, காவல்காரருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு என்று மரக்கால், படி அளவில் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்குரியது போக இத்தனை பேருக்கும் ஒரே குவியலிலிருந்து கொடுத்தால்தான் ஊர் நடக்கும் என்பது ஏற்பாடு.

இதைப் படிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் காணி என்ற அளவுதான். நம் பக்கத்தில் இன்றும் மனை விற்பவர் "அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு" என்றுதான் பேசுகிறார். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அப்படி 24 கிரவுண்டு சேர்ந்தால் ஒரு காணி. ஓலையில் கணக்குப்பிள்ளை எழுதிய அதே அளவின் இருபத்து நாலில் ஒரு பங்கைத்தான் நாம் கடன் வாங்கிப் பதிவு செய்துகொண்டு, அதில் வீடு கட்டியிருக்கிறோம். வயல் போய்விட்டது, வயலை அளந்த கணக்கு மட்டும் லேஅவுட்டுக்குள் உயிரோடு நிற்கிறது.

ஏரி யாருடையது, உழைப்பு யாருடையது

ஆனால் அந்தக் காலத்து ஊரை ஒற்றுமையின் சொர்க்கமாக எழுதிவிடக் கூடாது. ஊர் வரலாறு எழுதப் புறப்படும் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

தொண்டை மண்டலத்தில் நிலவுரிமைக்கு மிராசு என்று பெயர். காணியாட்சி என்றும் சொல்வார்கள். மிராசுதார்கள் ஊருக்குச் சிலர்தான். ஏரின் பின்னால் நடந்தவர்களும், சேற்றில் இறங்கியவர்களும், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களும் பெரும்பாலும் சேரியில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் களத்தில் பங்கு இருந்தது, நிலத்தில் உரிமை இல்லை. பல இடங்களில் குடியிருந்த குடிசை மனைகூட மிராசுதாரின் பிடியில்தான் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டே துரத்தலாம்.

இதை அரசாங்கக் காகிதத்தில் அழுத்தமாக எழுதியவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர். 1891-ல் அவர் கொடுத்த அறிக்கை, நம் ஜில்லாவின் பறையர் மக்கள் எப்படி வாழவைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை விவரமாகச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையின் வழியாக அந்த மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். தமிழ்நாடு முழுக்க இன்றும் அரசியல் மேடையில் பேசப்படும் பஞ்சமி நிலப் பிரச்சினையின் வேர் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் வயல்களில்தான் இருக்கிறது. முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, பாலவேடு, கோவில்பதாகை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரின் வரலாற்றை எழுதினாலும், ஊர்த்தெருவோடு நிறுத்திவிட்டு அதை ஊர் வரலாறு என்று சொல்லக் கூடாது. காலனிக்கும் போக வேண்டும். முதலில் அங்கே போனாலும் தப்பில்லை.

ஏரி என்றதும் மதுராந்தகம் கதை எல்லோருக்கும் நினைவு வரும். கலெக்டர் லயோனல் பிளேஸ் இரவில் கரையைப் பார்க்கப் போனார், ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றார்கள், கரை உடையவில்லை என்று. அழகான கதை. அந்தக் கரைக்குக் கூடை கூடையாக மண் சுமந்தவர்களின் கதையும் அதே அளவு பெரியது. அதை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

நம் பக்கத்துச் சாகுபடி முழுக்க மழையையும் ஏரியையும் நம்பி நடந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்தால் சம்பா. மிச்சத் தண்ணீரில் நவரை. கோடையில் கிணறு கைகொடுத்தால் சொர்ணவாரி. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். வரத்துக்கால், மதகு, கலங்கல், போக்குக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளிகள் இருந்தார்கள். ஏரியையும் கால்வாயையும் ஊரே கூடிப் பழுது பார்க்கும் குடிமராமத்துக்கு வராதவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க 1858-லேயே சட்டம் இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது என்று நினைத்துப் பாருங்கள். பழைய கிராம வரைபடத்தை வைத்துப் பார்த்தால், சென்னைப் புறநகரின் பல இடங்களில் தண்ணீர் தன் பழைய வரத்துக்காலைத் தேடித்தான் வந்தது என்பது புரியும். ஊர் வரலாறு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழம்பெருமை பேச மட்டும் அது வேண்டியதில்லை. எங்கே வீடு கட்டலாம், எந்தக் கால்வாயைத் தூர்க்கக் கூடாது என்று சொல்லக்கூடியதும் அதுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

இப்போது ராணுவத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது பாதுகாப்புத் துறை. என்னைச் சுற்றி வாழும் எத்தனையோ பேர் ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். விமானப்படையில் சேவை செய்துவிட்டு, பஞ்சாபுக்கோ பீகாருக்கோ திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களும் இந்த ஊர்தான். அவர்களை விட்டுவிட்டு எழுதினாலும் அது முழு வரலாறு ஆகாது.

அதே சமயம், மதில் எழுந்த இடத்தில் முன்பு நிலம் இருந்தது, நிலத்துக்கு ஆள் இருந்தார்கள். அரசு நிலம் கையகப்படுத்தியபோது பெரும்பாலும் 1894-ன் நில எடுப்புச் சட்டப்படி அறிவிப்பு போட்டார்கள். பழைய சென்னை மாகாணத்தில் அது புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வரும். எந்த கிராமம், எந்த சர்வே எண், எவ்வளவு ஏக்கர், யார் பெயரில் பட்டா என்ற விவரம் அதில் இருக்கும். அந்தப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் பெயராக அந்தக் குடும்பங்களைத் தேடினால், கிடைத்த பணத்தை வைத்து என்ன செய்தார்கள், எங்கே போனார்கள், யார் கூலி வேலைக்கு அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் தெரியவரும். பட்டா இல்லாமல் அதே நிலத்தில் உழைத்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதை வாய்மொழியாகத்தான் கேட்டு எழுத வேண்டும்.

இதற்கு ஒரு முன்மாதிரி ஜெர்மனியில் இருக்கிறது. தெற்கு ஜெர்மனியின் ஸ்வாபியன் ஆல்ப் மலைப்பகுதியில் குரூவோர்ன் என்று ஒரு சின்ன விவசாயக் கிராமம். மியூன்சிங்கன் ராணுவப் பயிற்சித் திடலை விரிவாக்குவதற்காக 1937-ல் நாஜி அரசு அந்தக் கிராமத்தைக் காலி செய்யச் சொன்னது. 1939-க்குள் எல்லோரும் வெளியேறினார்கள். போர் முடிந்த பிறகும் அங்கே ராணுவப் பயிற்சி நடந்ததால் ஊர் மறுபடி உயிர் பெறவில்லை. வீடுகள் இடிந்தன. தேவாலயமும் பள்ளிக்கூடமும் மட்டும் மிஞ்சின.

அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு குழு அமைத்துத் தேவாலயத்தைப் பழுது பார்த்தார்கள். பெந்தெகொஸ்தே திருநாளில் அங்கே கூடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். பழைய பள்ளிக்கூடத்தில் ஊர் நினைவுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். 2005-ல் பயிற்சித் திடலே மூடப்பட்டுவிட்டது. கூட்டம் தொடர்ந்தது.

ஜெர்மனியில் இப்படிக் காலியான ஊர்களுக்கு மட்டும் அல்ல, 1960களிலும் 70களிலும் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப்பட்டுத் தனி நிர்வாகத்தை இழந்த எத்தனையோ கிராமங்களுக்கும் ஊர் வரலாற்றுப் புத்தகம் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியரோ விவசாயியோ, தேவாலயத்துப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் வரிக் கணக்குகளையும் பார்த்து எழுதியிருப்பார். சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த ஊருக்குக்கூடக் கெட்டி அட்டை போட்ட புத்தகம் இருக்கும். அவர்களுக்குத் தேவாலயப் பதிவேடு இருந்தது. நமக்கு ஓலைக்கணக்கும், அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேடும் இருக்கின்றன. குறைவது ஆதாரம் அல்ல, உட்கார்ந்து எழுதும் ஆள்தான்.

பீரோவைத் திறவுங்கள்

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்கு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அது செய்ய வேண்டிய சீர்திருத்தம்தான். பரம்பரை அதிகாரம் போனது நல்லது. ஆனால் எந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த மதகை யார் கட்டியது என்று மனசுக்குள் வைத்திருந்த தலைமுறையிடம் அப்போது யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. அவர்களில் பலர் இன்று இல்லை. அடுத்து, விவசாயத்தைக் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை இருக்கிறது. இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களிடமும் கேட்காமல் விட்டால், பிறகு கேட்க ஆளே இருக்காது.

அதனால் இந்தப் பதிவைப் படிக்கும் ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வங்கிக்கு ஜெராக்ஸ் கொடுத்ததோடு மூடி வைத்திருப்பீர்கள். அதில் சக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதியிருக்கும். ஏரிக்கால்வாய்க்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னாருடைய நஞ்சைக்குக் கிழக்கு என்று பழைய பத்திரங்களில் இருக்கும். அந்தக் கால்வாயும் பாதையும் இப்போது எங்கே என்று தேடிப் பாருங்கள். உங்கள் தெருவின் பழைய முகம் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். சர்வே எண், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, எந்த ஏரிப் பாசனம் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு, அதாவது எல்லோரும் யூடிஆர் என்று சொல்வதற்கு, முந்தைய பதிவேடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே சர்வே எண்ணுக்கு முன்னே என்ன எழுதியிருக்கிறது, பின்னே என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டாலே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

மூன்றாவது, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போய்வாருங்கள். 1879-ல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டில் தொடங்கலாம். அது கலெக்டர் ஆபீஸ் பார்வையில் எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். 1876-78 பெரும் பஞ்சம் முடிந்த கையோடு வந்த புத்தகம் அது.

நான்காவது, இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். பெரியவர்களிடம் பேசுங்கள். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சுப்பா" என்று முடித்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். களம் எங்கே இருந்தது? நாற்று நட யார் வந்தார்கள், கூலி நெல்லா பணமா? எந்தக் கிணற்றில் யாரைத் தண்ணீர் எடுக்க விடவில்லை? ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு? நிலம் எடுத்த சமயத்தில் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? முதல் தடவை தொழிற்சாலை வேலைக்குப் போன ஆள் யார்? ஆத்தாக்களிடமும் ஆயாக்களிடமும் கட்டாயம் கேளுங்கள். பத்திரத்திலும் பதிவேட்டிலும் பெண்களின் பெயர் அபூர்வம். நடவும் களையும் அறுப்பும் அவர்கள் கையில்தான் நடந்தன.

சொல்பவர்களின் சம்மதத்தோடு ஃபோனில் பதிவு செய்யுங்கள். தேதி, இடம் குறித்துவையுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். கோயில் வரலாற்றில் வரும் அற்புதங்களை நம்பிக்கையாகப் பதிவு செய்யுங்கள், பட்டா எண்ணை ஆதாரமாகப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

நானும் முத்தாபுதுப்பேட்டையில் தொடங்கியிருக்கிறேன். ஏரியிலிருந்து தொடங்குவது என்று முடிவு. எந்த வரத்துக்கால் எங்கிருந்து வந்தது, எந்த மதகுத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது, அந்த வயல் இன்று எந்த நகர் என்று வரைந்துவிட்டால், மனிதர்கள் தானாக வந்து அந்தப் படத்தில் உட்காருவார்கள் என்று நம்புகிறேன். இதில் கைகொடுக்க வருபவர்கள் எந்தத் தெருக்காரர்களாக இருந்தாலும் சரி, ஊரில் பிறந்தவர்களானாலும் போன வருஷம் குடிவந்தவர்களானாலும் சரி, வாருங்கள். வரும்போது மூலப்பத்திரத்தின் சக்குபந்திப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். முதல் வரைபடத்தை அதை வைத்தே போட்டுவிடலாம்.